விண்கலத்துக்குப் பிரேக் கிடையாது

விண்வெளிச் சண்டை கேம்களை ஆசையாக ஏற்றி, ஒரே ஒரு சாயங்காலம் ஆடிப்பார்த்துவிட்டு அழித்துவிடுகிற இளைஞர்கள் நம் இரண்டு ஊர்களிலும் நிறையப் பேர். ராஜபாளையத்தில் கேட்டாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் கேட்டாலும் காரணம் ஒன்றுதான்: "எடுத்த எடுப்பிலேயே செத்துப்போறேன். எவன் எங்கிருந்து சுடுறான்னே தெரியல." தங்களுக்குக் கை வேகம் பத்தவில்லை என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டு, கார் ரேஸுக்கும் கிரிக்கெட்டுக்கும் திரும்பிவிடுகிறார்கள். அந்த முடிவு தவறு. விரலில் ஒரு குறையும் இல்லை. தரையில் பழகிய புத்தியை அப்படியே விண்கலத்துக்குள் கொண்டுபோவதால் வருகிற சிக்கல் இது. கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரோட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். அந்தத் தேரை அசைக்கவே எத்தனை பேர் வடம் பிடிக்க வேண்டியிருக்கிறது! அசைந்து ஓடத் தொடங்கிவிட்டாலோ நிறுத்துவதும் அதே பாடுதான். அதனால் கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தை ஒட்டியே நடந்து வருகிறார்கள். வீதி முனை வருவதற்கு வெகு முன்னாலேயே, எந்தச் சக்கரத்துக்கு எப்போது கட்டை கொடுத்தால் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்கள் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். முனைக்கு வந்தபிறகு யோசித்தால் தேர் வீட்டுத் திண்ணையில்தான் போய் நிற்கும். விண்கலமும் இந்த ஜாதிதான். ஒரே வித்தியாசம், அங்கே உராய்வதற்குத் தரையும் இல்லை, கட்டை கொடுக்க இடமும் இல்லை.

பைக்கில் ஆக்ஸிலேட்டரை விட்டால் வேகம் தானாகக் குறைகிறது. காற்றும் ரோடும் தடுப்பதால் நடப்பது அது. வெட்டவெளியில் என்ஜினை நிறுத்தினால் கலம் அதே வேகத்தில் அதே திசையில் போய்க்கொண்டே இருக்கும். மூக்கைத் திருப்பினால் மூக்கு மட்டும்தான் திரும்பும், போகிற பாதை திரும்பாது. நிற்க வேண்டுமென்றால், போகிற திசைக்கு நேர் எதிராக என்ஜினை எரித்தாக வேண்டும். இதைக் கேமுக்காகச் செய்த கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நடத்திய சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கியதும் இப்படித்தான். 30 கிலோமீட்டர் உயரத்தில் விக்ரம் லேண்டரின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1.68 கிலோமீட்டர். அங்கே காற்று இல்லை என்பதால் பாராசூட் விரித்துப் பயனில்லை. போகிற திசைக்கு எதிராக என்ஜின்களைப் பதினோரு நிமிடத்துக்கும் மேல் எரித்துத்தான் அந்த வேகத்தைத் தின்ன முடிந்தது. டி.வி. முன்னால் உட்கார்ந்து நாம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது அந்த பிரேக்கைத்தான்.

இந்தத் தடுமாற்றம் நம் பிள்ளைகளுக்குப் புதிதாக வந்ததும் அல்ல. 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வார்’ என்ற விண்கலச் சண்டை கேமை எழுதினார்கள். கணினியோடு புழங்கியவர்கள் என்பதால் அந்த வட்டாரத்தில் அதை விரும்பி ஆடினார்கள். அதைப் பார்த்து நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் 1971-ல் காசு போட்டு ஆடும் ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். இடப்பக்கம் திருப்ப, வலப்பக்கம் திருப்ப, உந்த, சுட என்று தனித்தனிப் பொத்தான்கள். இயந்திரம் வைத்திருந்த மதுக்கடைகளுக்கு வந்தவர்களுக்கு அது பிடிபடவே இல்லை. எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே அவர்கள் கொண்டுவந்த ‘பாங்’ கேமில் ஆளுக்கு ஒரே ஒரு திருகுதான், அது உலகமெங்கும் ஓடியது. ஆனால் 1979-ல் அடாரி வெளியிட்ட ‘ஆஸ்டராய்ட்ஸ்’ கேமில் கலம் பழையபடியே வழுக்கிக்கொண்டு போனது, அதே மாதிரிப் பொத்தான்கள்தான். ஜனங்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். அந்த எட்டு வருஷத்தில் மனிதர்களின் விரல்கள் வளர்ந்துவிடவில்லை. திரையில் நடப்பதைப் படிக்கப் பழகியிருந்தார்கள் என்பதே என் கருத்து.

வீட்டில் அப்பாவோ சித்தப்பாவோ, "நாங்க டிவி கேம்லயே எத்தனை கலத்தை அடிச்சிருக்கோம், இதென்ன பெரிய விஷயம்" என்று சொல்லக்கூடும். அவர்கள் ஆடியது கேசட் போட்டு ஆடும் ‘கேலக்ஸியன்’. அதில் நம் கலம் திரையின் அடியில் இடமும் வலமும் மட்டும் நகரும், எதிரி எப்போதும் மேலிருந்துதான் வருவான். இப்போதைய கேமில் எதிரி முன்னால், பின்னால், தலைக்கு மேல், காலுக்குக் கீழ் எங்கிருந்தும் வருவான். அந்தப் பழைய அனுபவம் இங்கே கைகொடுக்காது.

ஆகவே எந்த விண்வெளி கேமைத் திறந்தாலும் சண்டைக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆளில்லாத இடத்துக்குப் போய், வேகமெடுத்து, கீயை விட்டுவிடுங்கள். கலம் நிற்கிறதா, வழுக்கிக்கொண்டே போகிறதா? 2014-ல் வந்த ‘எலீட் டேஞ்சரஸ்’ கேமில் இரண்டுமே உண்டு. ‘ஃப்ளைட் அசிஸ்ட்’ என்ற வசதி ஓடிக்கொண்டிருந்தால், நாம் கீயை விட்டதும் கலத்தின் கணினியே எதிர்ப்புறத்துச் சின்ன என்ஜின்களை எரித்து ஓட்டத்தை நிதானப்படுத்தும். அணைத்துவிட்டால் எல்லாம் நம் பொறுப்பு. கெட்டிக்காரர்கள் அணைத்துவிட்டு ஆடுவதை யூடியூபில் பார்த்துவிட்டு முதல் நாளே அணைப்பது வீண் வேலை.

அடுத்த தப்பு, முழு வேகம். எதிரியைப் பார்த்ததும் வேகத்தை உச்சிக்கு ஏற்றுகிறோம். இருவரும் ஒருவரையொருவர் தாண்டிப் பறக்கிறோம். நாம் திரும்புவதற்குள் அவன் நம் முதுகுக்குப் பின்னால் வந்து சுடுகிறான். எலீட் டேஞ்சரஸில் வேகம் காட்டும் பட்டையின் நடுவில் நீலமாக ஒரு பகுதி இருக்கும். வேகம் அந்த நீலத்துக்குள் இருக்கும்போதுதான் கலம் மிக விரைவாகத் திரும்பும். அதாவது பாதி வேகத்தில் போகிறவன்தான் முழு வேகத்தில் போகிறவனைவிட சீக்கிரம் திரும்பிச் சுடுகிறான். எதிரி பக்கவாட்டில் இருந்தால் மூக்கை இடமோ வலமோ இழுக்காதீர்கள், அது மெதுவாகத்தான் திரும்பும். கலத்தை உருட்டி எதிரியைத் திரையின் மேல்பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு மூக்கை மேலே தூக்குங்கள். இந்த ஒரே ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிச் சண்டை கைக்குள் வந்த மாதிரி.

மீதிப் பாதி ரேடாரில் இருக்கிறது. புதிதாக ஆடுகிறவர்கள் கண்ணாடிக்கு வெளியே எதிரியைத் தேடுகிறார்கள், ரேடாரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிராபனும் இயன் பெல்லும் 1984-ல் எழுதிய ‘எலீட்’ கேமில் அமைத்த ரேடார்தான் இன்றும் பல கேம்களில் இருக்கிறது. தட்டு ஒன்றைச் சாய்த்து வைத்ததுபோல் திரையின் கீழே ஒரு நீள்வட்டம். அதன் நடுவில் நாம். நடுவுக்கு மேலே இருக்கும் புள்ளி நமக்கு முன்னால் இருக்கிறது, கீழே இருப்பது பின்னால். ஒவ்வொரு புள்ளியையும் தட்டோடு இணைத்து ஒரு சின்னக் குச்சி நிற்கும். குச்சி தட்டிலிருந்து மேலே எழும்பினால் எதிரி நமக்கு மேலே, கீழே தொங்கினால் கீழே, குச்சி நீளமாக இருந்தால் உயர வித்தியாசம் அதிகம். சண்டை போடாமல் பத்து நிமிடம் சுற்றிச்சுற்றித் திரும்பி, ஒரு நிலையத்தின் புள்ளி இந்தத் தட்டில் எப்படி நகர்கிறது என்று மட்டும் பாருங்கள். "எவன் எங்கிருந்து சுடுறான்னே தெரியல" என்ற பேச்சு அதோடு நின்றுபோகும்.

பணம் செலவழிக்காமல் பழக ‘ஊலைட்’ என்ற கேம் இருக்கிறது. பழைய எலீட்டைத் தழுவி ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தருவது, சாதாரண லேப்டாப்பே போதும். லேவ் என்ற கிரகத்தில், கோப்ரா மார்க் 3 என்ற கலத்தோடும் 100 கிரெடிட்டோடும் உங்களை இறக்கிவிடும். பலர் முதலில் சாவது எதிரி கையில் இல்லை, நிலையத்தின் சுவரில் மோதித்தான். நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும், நுழைவாசலோ தபால்பெட்டி வாய் போலக் குறுகல். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாசல் கிரகத்தைப் பார்த்தபடிதான் அமைந்திருக்கும். எனவே நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் கிரகத்தை நோக்கிக் கொஞ்ச தூரம் நேராகப் போய், முழுக்கத் திரும்பினால் வாசல் நேர் எதிரே நிற்கும். வேகத்தை நன்றாகக் குறையுங்கள். வாசலைத் திரையின் நடுவில் நிறுத்துங்கள். சுழற்சிக்கு ஏற்றபடி உங்கள் கலத்தையும் உருட்டிக்கொண்டே மெல்ல உள்ளே போங்கள். போவது, திரும்புவது, நுழைவது என்று இதையே திரும்பத் திரும்பச் செய்தால் நிதானம் கைக்கு வந்துவிடும். சண்டைக்கு வேண்டியதும் அந்த நிதானம்தான். அதுவரைக்கும் ஸாவோன்ஸ் போன்ற அமைதியான பக்கத்துக் கிரகங்களோடு சரக்கு வியாபாரம் பண்ணி நல்ல லேசர் வாங்கச் சேர்த்துக்கொள்ளுங்கள். அராஜக ஆட்சி என்று போட்டிருக்கும் ரீட்குவாட் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

இன்னொரு வகைக் கேமும் இருக்கிறது. அதில் கை வேகத்துக்கு வேலையே இல்லை, ஆனாலும் முதல் நாள் அடி விழும். 2012-ல் வந்த ‘ஃபாஸ்டர் தேன் லைட்’டைச் சொல்கிறேன். ஜஸ்டின் மா, மாத்யூ டேவிஸ் என்ற இருவர் உருவாக்கியது. கலத்தை மேலிருந்து வரைபடமாகப் பார்க்கிறோம். ஆயுத அறை, கவச அறை, என்ஜின் அறை, ஆக்சிஜன் அறை, நடுவில் மூன்று மாலுமிகள். முதல் கலமான கெஸ்ட்ரலில் எல்லா அறைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க மின்சாரம் போதாது. எதை அணைத்து எதை எரிய விடுவது என்பதுதான் கேமே. இதில் தோற்பவர்கள் பெரும்பாலும் ஸ்பேஸ் பாரைத் தட்ட மறந்தவர்கள். அதைத் தட்டினால் எல்லாம் அப்படியே நின்றுவிடும், நின்ற நிலையிலேயே கட்டளைகள் கொடுக்கலாம். ஒவ்வொரு குண்டு விழும்போதும் நிறுத்திப் பார்ப்பது கோழைத்தனம் இல்லை, கேமை அப்படி ஆடுவதற்காகவே செய்திருக்கிறார்கள்.

கெஸ்ட்ரலின் பர்ஸ்ட் லேசர் ஒரு தடவைக்கு மூன்று குண்டு சுடும். ஆரம்ப எதிரிகளின் கவசம் பெரும்பாலும் ஒரே அடுக்கு, அது ஒரு குண்டை வாங்கிக்கொண்டு விழுந்துவிடும். மீதி இரண்டும் உள்ளே போகும். அந்த இரண்டையும் எதிரியின் ஆயுத அறையில் விழும்படி குறிவையுங்கள். சுட முடியாத எதிரியிடம் பயமில்லை. அறைக்கு அறை ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தால் எதுவும் உருப்படியாக உடையாது. கிடைக்கிற உதிரிச் சரக்கை வைத்துப் பளபளப்பான ஆயுதம் வாங்காமல், முதலில் உங்கள் கவசத்துக்கு இரண்டாவது அடுக்கு போடுங்கள். கலத்துக்குள் தீப்பிடித்தால் ஆட்களை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு வெளிக்கதவைத் திறந்து விடுங்கள். காற்று வெளியேறியதும் தீ தானாக அணையும். ஏழு மண்டலங்களைத் தாண்டி எட்டாவதில் நடக்கும் முடிவுச் சண்டைக்குப் போகுமுன் பல கலங்கள் போகும். போனது போனதுதான், மறுபடி முதலிலிருந்துதான். இதுதான் பலரை விரட்டுகிறது, ஆனால் ஒவ்வொரு சாவும் ஒரு காரணத்தைக் காட்டிவிட்டுப் போகிறது.

செல்போனில் கிடைக்கிற சில விண்வெளி கேம்களில் வேறொரு ஆபத்து இருக்கிறது. ஆரம்பத்தில் வேண்டுமென்றே கஷ்டமாக்கி, காசு கொடுத்தால் பெரிய கலம் தருகிறோம் என்பார்கள். அங்கே கற்றுக்கொள்ள ஒன்றும் கிடையாது, பிள்ளைகள் அதை விட்டுவிடுவதே நல்லது. இங்கே பெற்றோருக்கும் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்தது பணம் கட்டி, பணம் ஜெயிக்க ஆடும் ஆட்டங்களை. நெட் இல்லாமலே தனியாக உட்கார்ந்து ஆடுகிற ஊலைட்டும் ஃபாஸ்டர் தேன் லைட்டும் அந்தக் கணக்கில் வராது. எல்லா கேமும் ரம்மிதான் என்று நினைத்து லேப்டாப்பைப் பிடுங்கி வைப்பது நியாயமில்லை. படிப்புக்கும் தூக்கத்துக்கும் இடைஞ்சல் வராமல் நேரம் குறித்துக் கொடுங்கள், அது போதும்.

மகனோ மகளோ தோற்றுப்போய் எரிச்சலோடு எழுந்து வந்தால், எத்தனை பாயிண்ட் என்று கேட்க வேண்டாம். "எதனால செத்த?" என்று கேளுங்கள். "தெரியல" என்று பதில் வந்தால் ரேடாரைப் பார்க்கவில்லை, அல்லது ஸ்பேஸ் பாரைத் தட்டவில்லை என்று அர்த்தம். "வேகமாப் போயிட்டேன், அவன் பின்னால வந்துட்டான்" என்று சொன்னால், பிள்ளை அந்த ஆரம்பக் கஷ்டத்தைத் தாண்டத் தொடங்கிவிட்டது. இன்னும் அரைமணி நேரம் கொடுக்கலாம்.