ரிலீஸ் பேப்பரும் துண்டுச் சீட்டும்

கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் தொழிலாளி என்ன செய்கிறான்? சங்கத்தில் சேர்ந்து போராடுகிறான். அதற்கும் வழியில்லாதபோது கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த மில்லின் கேட்டில் போய் நிற்கிறான். முதலாளி முகத்தைச் சுளிக்கலாம், கிராஜுவிட்டியை இழுத்தடிக்கலாம். ஆனால், "உன்னைப் போக விடமாட்டேன்" என்று சொல்ல அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. வேலையை உதறிவிட்டுப் போகும் இந்த உரிமை சிறிய உரிமையாகத் தோன்றலாம். உண்மையில் கூலி உயர்வுக்கான பேரமே இதிலிருந்துதான் பிறக்கிறது. போக முடியாதவனிடம் எந்த முதலாளி பேரம் பேசுவார்?

இதே தொழிலாளி வட்டிக்குக் கடன் வாங்கி, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, வளைகுடா நாடொன்றில் போய் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவனுடைய விசாவும், குடியிருப்பு அட்டையான அக்காமாவும், வேலை அனுமதியும் ஒரே ஒரு முதலாளியின் பெயரோடு பிணைக்கப்பட்டிருக்கும். அந்த முதலாளிக்குக் கஃபீல் என்று பெயர். ஏற்பாட்டுக்குக் கஃபாலா என்று பெயர். வேறு கம்பெனியில் கூடுதல் சம்பளத்துக்கு வேலை காத்திருந்தாலும், கஃபீல் கையெழுத்திட்ட ஆட்சேபணையில்லாச் சான்று வேண்டும். நம் ஆட்கள் இதை 'ரிலீஸ் பேப்பர்' என்பார்கள். ரிலீஸ் என்றால் விடுதலை! சிறைக் கைதிக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை உழைப்பாளிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்தச் சீட்டு நமக்குப் புதியதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் பாட்டன்மாரைக் கங்காணி அழைத்துப் போனபோது முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கித்தான் கப்பலேற்றினான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், "இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன்" என்று துரை எழுதித் தரும் துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டும்; கட்டிய தொகை மறுபடியும் தொழிலாளியின் தலையிலேயே ஏறும். இந்தத் துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கீழத் தஞ்சையிலோ துண்டுகூட வேண்டியிருக்கவில்லை. பட்ட கடன் தீராமல் பண்ணையாள் ஒரு மிராசுதாரை விட்டு இன்னொரு மிராசுதாரிடம் போக முடியாது. மீறினால் சவுக்கடி, சாணிப்பால். செங்கொடியின் கீழ் அந்த மக்கள் திரண்டு போராடிய பிறகுதான் 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

வெள்ளைக்காரத் துரைக்கும் தஞ்சை மிராசுதாருக்கும் அரபுக் கஃபீலுக்கும் மொழி வேறு, மதம் வேறு. தொழிலாளியைக் கட்டிப்போடும் முறையில் மட்டும் வேற்றுமை இல்லை. கஃபாலாவை ஏதோ பழைய பாலைவன வழக்கம் என்று சிலர் சொல்கிறார்கள். பஹ்ரைனில் முத்துக்குளிக்க வந்த வெளிநாட்டு ஆட்களைக் கட்டுக்குள் வைக்க பிரிட்டிஷ் அதிகாரிகள் செய்த ஏற்பாட்டில்தான் இன்றைய முறையின் வேர் இருக்கிறது என்று வரலாற்று ஆய்வு காட்டுகிறது. ஏகாதிபத்தியம் போனாலும் அது விட்டுப்போன விலங்கு போகவில்லை.

"கத்தாரில்தான் கஃபாலாவை ஒழித்துவிட்டார்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. நடந்ததை நடந்தபடி சொல்வோம். 2020 ஆகஸ்டில் கத்தார் அரசு சட்டத்தைத் திருத்தியது. வேலை மாற ரிலீஸ் பேப்பர் தேவையில்லை. இரண்டு ஆண்டு வரை வேலை செய்தவர் ஒரு மாத முன்னறிவிப்பும், அதற்கு மேல் வேலை செய்தவர் இரண்டு மாத முன்னறிவிப்பும் கொடுத்தால் போதும் என்றது. 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலி 2021 மார்ச்சில் அமலுக்கு வந்தது. முதலாளி உணவு தராவிட்டால் 300 ரியாலும், தங்குமிடம் தராவிட்டால் 500 ரியாலும் மேற்கொண்டு தர வேண்டும். இது முன்னேற்றம்தான். ஆனால் மன்னரின் கருணையால் வந்த முன்னேற்றம் அல்ல. உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி கத்தாருக்கு என்று முடிவான பிறகு, கட்டுமானத் தொழிலாளரின் நிலை உலகத்தின் கண்ணில் பட்டது. 2014-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் தொழிலாளர் பிரதிநிதிகள் கத்தார்மீது முறையீடு கொடுத்தார்கள். சீர்திருத்தம் செய்வதாக வாக்களித்த பிறகே 2017-இல் அந்த முறையீடு முடிக்கப்பட்டது.

சட்டம் வந்தது. நடைமுறை என்ன? வேலை மாற மனுப்போடும் தொழிலாளியிடம், பழைய முதலாளி முத்திரை குத்திய ராஜினாமாக் கடிதம் எங்கே என்று கேட்கிறார்கள். முன்வாசல் வழியாக விரட்டிய ரிலீஸ் பேப்பர் கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டது! அதைவிடக் கொடிய ஆயுதமும் முதலாளியின் கையில் இருக்கிறது. "இவன் ஓடிப்போய்விட்டான்" என்று ஒரு புகார் கொடுத்தால் போதும். சவூதியில் இதற்கு 'ஹுரூப்' என்று பெயர். நேற்று வரை உழைத்துக் கொடுத்தவன் இன்று சட்டவிரோதக் குடியேறி. பிடித்தால் அபராதம், காவல், நாடு கடத்தல். சம்பள பாக்கி கேட்கப் போனவனே குற்றவாளியாகிவிடுகிறான். அக்காமாவைப் புதுப்பிக்க வேண்டியதும் முதலாளிதான். அவர் புதுப்பிக்காமல் விட்டாலும் கைதாவது தொழிலாளிதான்.

சவூதி அரேபியாவில் 2021 மார்ச்சில் ஒரு சீர்திருத்தம் அமலுக்கு வந்தது. ஓராண்டு முடித்தவர் முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறலாம் என்றார்கள். யாரை விட்டுவிட்டார்கள் தெரியுமா? வீட்டு வேலைக்காரப் பெண்களை, வீட்டு டிரைவரை, தோட்டக்காரரை, ஆடு மேய்ப்பவரை, விவசாயத் தொழிலாளியை. இருப்பவர்களிலேயே மிக எளியவர்களுக்குக் கதவை மூடிவிட்டுத்தான் அந்தச் சீர்திருத்தம் தொடங்கியது. பஹ்ரைன் 2009-இல் கொடுத்ததை 2011-இல் இறுக்கியது. குவைத்தில் 2025 ஜூலை முதல், தனியார் துறையிலுள்ள வெளிநாட்டுத் தொழிலாளி ஊருக்கு வருவதற்கே முதலாளியின் அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவு. சட்டம் முன்னாலும் நகரும், பின்னாலும் நகரும். பின்னால் நகரும்போது தடுக்க அங்கே பலமான சங்கம் இல்லை. கத்தாரில் வெளிநாட்டுத் தொழிலாளி சங்கம் அமைக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை.

இந்தப் பிணைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2016-இல் ஜித்தாவில் கண்டோம். ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் பல மாதச் சம்பளம் கிடைக்காமல் முகாம்களில் கிடந்தார்கள். இந்தியத் துணைத் தூதரகம் உணவு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. கையில் தொழில் இருந்தது, உடம்பில் பலம் இருந்தது. வேறு கம்பெனிக்குப் போகவோ, ஊர் திரும்பவோ முதலாளியின் கையெழுத்து மட்டும் இல்லை. பிறகு சவூதி அரசு விசேஷ அனுமதி கொடுத்துத்தான் அவர்கள் வெளியே வந்தார்கள்.

வளைகுடா மட்டுமா? நம் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போகும் சிங்கப்பூரிலும் ஒர்க் பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில்தான். கட்டுமானத் துறையில், பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முதல் 21 நாள் வரை உள்ள இடைவெளியில் மட்டும், பழைய முதலாளியின் சம்மதமின்றிப் புதிய முதலாளி மனுப்போடலாம். இரண்டு ஆண்டுப் பெர்மிட்டில் ஏறத்தாழ இருபது நாள் சுதந்திரம்! நம் ஊரை உத்தமம் என்றும் நினைத்துவிட வேண்டாம். மூன்று ஆண்டு முடித்தால்தான் மொத்தத் தொகை என்று பெண்பிள்ளைகளைப் பஞ்சாலை விடுதிக்குள் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டம் தமிழ்நாட்டில் நடந்ததுதான்.

"விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் நான் செலவழித்தேன். வந்த மாதமே ஓடினால் என் நஷ்டத்தை யார் தருவார்?" என்பது முதலாளிகளின் வாதம். செலவழித்தது யார்? நம் நாட்டு விதிப்படி ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் வரியும். லட்சத்துக்குக் குறையாமல் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். தாலியும் நிலமும் அடகில் இருக்கின்றன. அப்படியே முதலாளி செலவழித்திருந்தாலும் அது பணக் கணக்கு. அதற்கு வழக்குமன்றம் இருக்கிறது. பணத்துக்கு ஈடாக மனிதனைப் பிடித்துவைப்பதற்குப் பெயர் கொத்தடிமை.

நம் சர்க்கார் என்ன செய்கிறது? வெளிநாட்டு இந்தியர் அனுப்பும் பணம் 2022 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலரைத் தாண்டி வருகிறது. அதைப் பெருமையோடு சொல்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அனுப்புகிறவன் வேலை மாற முடியாமல் தவிப்பதைப் பேசும்போது மட்டும், "அது அந்த நாட்டின் உள்விவகாரம்" என்று வாய் மூடிக்கொள்கிறார்கள். எண்ணெய் வாங்கப் பேசுகிறீர்கள், முதலீடு கேட்டுப் பேசுகிறீர்கள். வேலை அனுமதி முதலாளியின் பெயரிலிருந்து தொழிலாளியின் பெயருக்கு மாற வேண்டும், சம்பள வழக்கு நடக்கும் காலத்தில் வேறு வேலை செய்ய அனுமதி வேண்டும், விசாரணையின்றி 'ஓடிப்போனவன்' என்று பதியக் கூடாது என்று தொழிலாளர் ஒப்பந்தங்களில் எழுதிக் கேட்க என்ன தயக்கம்?

அதுவரை போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. புதிய வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் பழைய இடத்தை விட்டு ஒரே நாளில் வெளியேறாதீர்கள். 'ஓடிப்போனான்' புகாருக்கு அதுவே வாய்ப்பாகும். முன்னறிவிப்பைத் தொழிலாளர் இலாகாவில் பதிவு செய்து, மாற்றத்துக்கு அனுமதி வந்த பிறகே கிளம்புங்கள். ஒப்பந்தம், பாஸ்போர்ட், அக்காமா, சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஊருக்கு அனுப்பிவையுங்கள். நம் சங்கக் கிளைகள் ஒவ்வொன்றும் அந்த நகல்களைப் பெற்றுப் பாதுகாக்க ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும். பையனிடமிருந்து போன் வரவில்லை என்று ஒரு தாய் சங்க ஆபீஸ் வாசலில் வந்து நிற்கும்போது, அவனுடைய கம்பெனியின் பெயராவது நம் கையில் இருக்க வேண்டுமல்லவா?