கொடையும் கடப்பாடும்

பிறர் ஆக்கிய மென்பொருளைத் தம் விற்பனைக் கருவிக்குள் அடைத்து வைத்து, அதன் உரிமத்தை மட்டும் மறைத்துவிடும் வணிகர் பலர். 'விலையின்றிக் கிடைத்ததுதானே, அதற்கு என்ன கட்டுப்பாடு?' என்பது அவர்தம் வினா. கொடையாகப் பெற்ற பொருளைக் கொள்ளையாகக் கருதுவார்க்கே இவ்வினா எழும்.

அமெரிக்கரான இரிச்சர்டு சுடால்மன் 1983-இல் கட்டற்ற மென்பொருள் முயற்சியைத் தொடங்கி, 1989-இல் குனூ பொது உரிமத்தை வகுத்தார். 'கட்டற்ற' என்னுஞ் சொல் இங்கு விலையைச் சுட்டுவதன்று, உரிமையைச் சுட்டுவது. அம்மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவுஞ் செய்யலாம். தம் வீட்டளவில் திருத்திக் கொள்வார் எவர்க்கும் எதனையுங் காட்ட வேண்டுவதில்லை. ஆயின் பிறர்க்கு வழங்குவார், அதன் மூலநிரலையும் உடன் வழங்கல் வேண்டும். அன்றேல், கேட்பார்க்குத் தருவதாக மூன்றாண்டுகட்குச் செல்லும் எழுத்துறுதியேனும் தரல் வேண்டும் என்பது 1991-இல் வந்த இரண்டாம் பதிப்பின் நெறி. தாம் பெற்ற உரிமையைத் தம்மிடம் வாங்குவார்க்கும் தருக என்பதே இதன் சாரம். பணமாகக் கொடாத விலை இதுவே.

இவ்விலையைக் கொடாதார் கதை ஒன்று காண்க. வீட்டுக் கணினிகளைக் கம்பியின்றி இணையத்தோடு இணைக்கும் திசைவி ஒன்றை, லிங்சிசு என்னுங் குழுமம் 2002 திசம்பரில் விற்பனைக்கு விடுத்தது. அதனுள் இயங்கியது அவ்வுரிமத்தின்கீழ் வழங்கும் இலினக்சு. ஆயின் மூலநிரல் வாங்கினார்க்குக் கிட்டவில்லை. 2003-இல் ஏறத்தாழ 50 கோடி தாலர் மதிப்பில் சிசுகோ என்னும் பெருங்குழுமம் லிங்சிசுவை வாங்கிற்று. சொத்தோடு கடனும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டிலேயே நிரலறிஞர் குறையை வெளிப்படுத்த, மூலநிரல் வெளிவந்தது. எனினும் லிங்சிசு பெயரிலான பல கருவிகளில் கடப்பாடு நிறைவேறவில்லையென்று, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 திசம்பரில் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தது. 2009 மே திங்களில் இணக்கம் ஏற்பட்டது. உரிமக் கடப்பாட்டை மேற்பார்க்கத் தனி அலுவலரை அமர்த்தவும், முன்னர் வாங்கினார்க்கு அவர்தம் உரிமையைத் தெரிவிக்கவும், அறக்கட்டளைக்குப் பணம் வழங்கவும் சிசுகோ உடன்பட்டது.

அதே 2008-இல், பொம்மைத் தொடர்வண்டிகளை இயக்கும் மென்பொருள் பற்றிய வழக்கொன்றில், அமெரிக்கக் கூட்டரசு மேன்முறையீட்டு மன்றம் ஒன்றைத் தெளிவுறுத்தியது: பணம் பெறாமல் வழங்கினும் உரிமக் கட்டுப்பாடு வலியிழப்பதில்லை, அதனை மீறுதல் பதிப்புரிமையை மீறுதலாகலாம். வணிகர் வினாவிற்கு இதனினும் நேரிய விடை வேண்டுமோ?

மூலநிரலைக் கொடுத்தால் வாணிகங் கெடும் என்பாரும் உளர். கெட்டதா? வெளிவந்த அந்நிரலை அடியாகக் கொண்டு 2004-இல் தோன்றிய ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்னும் தன்னார்வ முயற்சி, இன்றும் பற்பல குழுமங்களின் கருவிகளில் இயங்குகின்றது. 2005-இல் லிங்சிசு தன் திசைவியின் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்து, இலினக்சை நீக்கி, மூடிய மென்பொருளைப் புகுத்தியது. ஆயினும் இலினக்சை விரும்பினார்க்கெனப் பழைய அமைப்பிலேயே தனிவகை ஒன்றையும் விற்றது. அது பல்லாண்டு விலைபோயிற்று. திறந்த கதவு வாணிகத்தைத் துரத்தவில்லை. வாங்குவாரை அழைத்து வந்தது.

வாங்குவார்க்கோ இது வாழ்வுச் செய்தி. ஆக்கிய குழுமம் கைவிட்ட கருவியில் ஓட்டை தோன்றின், மூலநிரல் உளதாயின் பிறர் அடைப்பர். இலதாயின் கருவி குப்பைக்கே போகும்.

சில்லு ஓரிடத்தில், நிரல் வேறோரிடத்தில், பெயர்ச்சீட்டு மற்றோரிடத்தில் என ஆக்கப்படும் கருவிகளில், ஒருவர் மற்றவரைச் சுட்டித் தப்புதல் எளிது. ஆகலின் விற்பவர், உள்ளிருக்கும் ஒவ்வொரு நிரலின் உரிமத்தையும் விற்பனைக்கு முன்னரே ஆய்ந்து பட்டியலிடுக. நிரல் தருவாரிடம் மூலநிரலை ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறுக. வாங்குபவர், தமக்குரியதைத் தயங்காது கேட்க. பெற்றதைப் பிறர்க்கு மறைப்பது திறமையன்று, நன்றி கொன்றலேயாம்.