ஏடு இருக்கிறது, எடுத்துச் சொல்ல ஆள் எங்கே?



கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் மலையேறி விடுகின்றன. ஏலக்காய் எடுக்கப் போகும் தாய், தூங்குகிற பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஓடுகிறாள். ஆண்டிபட்டிப் பக்கம் மில்லுக்குப் போகிறவள் கதையும் இதேதான். அந்தப் பிள்ளைக்கு ஐந்து வயது வரை கிடைக்கும் பள்ளிக்கூடம் தெருக்கோடி அங்கன்வாடி.

“அங்கே என்ன படிப்பு? சோறு போட்டுத் தூங்க வைக்கிறார்கள்!” என்று கனதனவான்கள் ஏளனம் பேசுகிறார்கள். நம்மவர்களிலும் சிலர் அதை நம்பி, கடன் வாங்கி இங்கிலீஷ் நர்சரிக்குப் பணம் கட்டுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தை கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுத வைப்பதற்குப் பெயர் கல்வியாம்! அந்த வயதுப் பிள்ளை கதை கேட்டு, பேசி, பாடி, புளியங்கொட்டையை எண்ணி விளையாடித்தான் கற்கிறது.

மத்திய சர்க்காரோ பாடத்திட்டத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது. 2020-ல் புதிய கல்விக் கொள்கை, 2022-ல் ஒரு சட்டகம், 2024-ல் ‘ஆதார்ஷிலா’. நம் மாநில அங்கன்வாடிகளிலோ ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற நல்ல ஏடு ஏற்கெனவே இருக்கிறது. ஏடு இல்லாததா குறை?

நம் ஊழியையின் ஒரு நாளைப் பாருங்கள். பிள்ளைகளை எடை போட வேண்டும். சத்துமாவு கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளின் கணக்கை எழுத வேண்டும். அதையே செல்போனிலும் ஏற்ற வேண்டும். பல இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் அவள் தலையில்தான்! பாட்டுச் சொல்லித் தர எப்போது நேரம்?

இது நம் ஆத்திரப் பேச்சல்ல. கார்த்திக் முரளிதரனும் மற்ற இரு பொருளாதார அறிஞர்களும் தமிழ்நாட்டில் 4 மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துச் சோதித்தார்கள். சில மையங்களில், படிப்புக்கென்றே அரை நாள் வேலைக்கு ஓர் ஊழியை கூடுதலாக அமர்த்தப்பட்டார். மற்றவை இருந்தபடியே விடப்பட்டன. கற்பிக்கும் நேரம் இரட்டிப்பாயிற்று. 18 மாதத்தில் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் முன்னே போய்விட்டார்கள். பழைய ஊழியைக்குக் கை ஓய்ந்ததால் சத்துணவுப் பணியும் சீர்பட்டு, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் தொகையும் குறைந்தது. செலவைப்போல் 13 முதல் 21 மடங்கு பலன் என்று 2021-ல் வெளியிட்ட கணக்கில் எழுதினார்கள். லாபக் கணக்கே வேதமென்று பேசுகிற பிரபுக்கள் இந்தக் கணக்கைக் கண்டதும் ஏன் வாய் மூடுகிறார்கள்?

காரணம் வெளிப்படை. கூடுதல் ஊழியை என்றால் கூலி தர வேண்டும். இருக்கிற ஊழியைக்கே கூலி என்று சொல்லக் கூசி ‘மதிப்பூதியம்’ என்கிறார்கள். மத்திய சர்க்கார் 2018-ல் தன் பங்கை மாதம் 4,500 ரூபாயாக்கியது. மதிப்பை வைத்து அரிசி வாங்க முடியுமா? அவர்களுக்குப் பணிக்கொடை உண்டென்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது!

கேட்டால் கிடைக்காது என்று சோர வேண்டாம். 2019-ல் 2,381 மையங்களில் தொடங்கிய எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசுப் பள்ளிகளில் நிறுத்தப் போவதாக 2022 ஜூனில் அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கினார்கள்.

தேனி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு நாள். ஜீப்பில் போகும் தாய்மார்களும் மில் தோழர்களும் ஊர்வாரியாகக் கையெழுத்து வாங்குங்கள். மனுவில் இரண்டே வரி போதும்: ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் படிப்புக்கென்று தனி ஊழியை, எங்கள் ஜீப் திரும்பி வரும்வரை மையம் திறந்திருக்க வேண்டும்.