நூறு கஜத்தை அளப்பது யார்?



பள்ளிக்கூடங்களைச் சுற்றி நூறு கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்ற சட்டத்தைப் பற்றிச் சங்க அலுவலகத்தில் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கட்சி பிரிந்துவிடுகிறது. "இது சிறு வணிகனை ஒழிக்கும் சட்டம், எதிர்த்துப் போராட வேண்டும்" என்பார் ஒருவர். "இருநூறு ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போகலாம், எதற்கு வம்பு" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறான வழி என்பது என் கருத்து. இரு தரப்பாரும் சட்டத்தை ஒருமுறை படித்திருந்தால் இவ்வளவு சத்தம் வந்திருக்காது.

2003ம் ஆண்டின் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் 6வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. 'யாருக்குமே' என்பதைக் கவனிக்க வேண்டும். அறுபது வயதுப் பெரியவர் வந்து ஒரு கட்டு பீடி கேட்டாலும் அந்த எல்லைக்குள் கொடுப்பது குற்றம்தான். சில்லறை, மொத்தம் என்ற பாகுபாடும் அதில் இல்லை. பள்ளிக்கு எதிர்ச் சந்தில் கடை போட்டு மொத்தமாகச் சரக்கு விற்கும் நண்பர்கள், இது பெட்டிக்கடைக்காரர் தலைவலி என்று சும்மா இருந்துவிட முடியாது.

நூறு கஜம் என்பது முந்நூறு அடி. மீட்டரில் 91.44. இதை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் ஊருக்கு ஊர் சண்டை. 2004ம் ஆண்டு விதி இதற்குத் தெளிவாகவே விடை சொல்லியிருக்கிறது. பள்ளியின் வெளிச்சுவர் அல்லது வேலியின் வெளி விளிம்பிலிருந்து வட்டமாக, நேர்கோட்டில் அளக்க வேண்டும். வாசல் கேட்டிலிருந்து அல்ல. நடந்து போகும் வழியாகவும் அல்ல. பள்ளிக்குப் பின்புறம் வாய்க்காலுக்கு அப்பால் ஒரு கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் அரைக் கிலோமீட்டர் இருக்கும். ஆனால் பின் சுவரிலிருந்து நேராக அளந்தால் இருநூறு அடிதான். அந்தக் கடையும் எல்லைக்குள் வருகிறது. "எங்க கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்று அவர் சொன்னால் செல்லாது.

இனி ஒரு சின்னக் கணக்கு. முந்நூறு அடிக்கு முந்நூறு அடி உள்ள ஒரு பள்ளி வளாகம் ஏறத்தாழ இரண்டு ஏக்கர். அதன் நான்கு பக்கமும் நூறு கஜம் விட்டுக் கோடு போட்டால் மொத்தம் பதினாறே முக்கால் ஏக்கர் அடைபடுகிறது. கிராமத்தில் இது பெரிய விஷயமில்லை. ஆனால் நம் ஊர்களின் பழைய கடைவீதிகள் எப்படி இருக்கின்றன? நடுவில் கோயில், அதைச் சுற்றித் தெருக்கள், ஒரு தெருவில் நகராட்சித் தொடக்கப்பள்ளி, அடுத்ததில் உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப்பள்ளி, பிறகு மாடியில் ஒரு நர்சரிப் பள்ளி. மூன்று வட்டங்களை வரைந்து பாருங்கள். கடைவீதி முழுவதும் உள்ளே போய்விடும். அங்கே சட்டப்படி புகையிலை விற்கக்கூடிய கடை ஒன்றுகூட மிஞ்சாது. சட்டம் செய்தவர்கள் இதை எண்ணித்தான் செய்தார்களா என்பது எனக்குத் தெரியாது. விளைவு என்னவோ இதுதான்.

இதில் நமக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. நாற்பது வருஷமாக ஒரே இடத்தில் கடை நடத்துகிறவர் பக்கத்தில் சென்ற வருஷம் ஒரு பள்ளி திறக்கிறார்கள். மறுநாளிலிருந்து அவர் குற்றவாளி. கடை முந்தியா பள்ளி முந்தியா என்ற கேள்விக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை. ஆனால் நம் மாநில அரசின் மதுக்கடைக்கு இடம் இருக்கிறது! 2003ம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகளை எடுத்துப் பாருங்கள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் பள்ளி, கோயிலிலிருந்து மதுக்கடைக்கு ஐம்பது மீட்டர் தூரம் இருந்தால் போதும். மற்ற இடங்களில் நூறு மீட்டர். நகரமைப்புத் துறை வணிகப் பகுதி என்று ஒதுக்கிய இடத்தில் அந்தத் தூரக் கட்டுப்பாடும் கிடையாது. கடை வந்த பிறகு பள்ளி வந்தால் அதற்கும் விலக்கு உண்டு. ஆக, நகரத்தில் பள்ளிச் சுவரிலிருந்து அறுபதாவது மீட்டரில் அரசு பிராந்தி விற்கலாம். அதே இடத்தில் ஒரு பாட்டி பீடி விற்றால் குற்றம். பீடியை அனுமதிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. எந்த விலக்கை அரசு தன் கடைக்குத் தேவை என்று கருதியதோ, அதைக் கேட்க மற்றவனுக்கும் வாய் உண்டு என்பதற்காக எழுதுகிறேன். விலக்கு வேண்டாம் என்றால் இரு பக்கமும் வேண்டாம்.

2014ம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. தள்ளுவண்டி எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்று பகுதி பிரிப்பதற்கு ஊருக்கு ஒரு விற்பனைக் குழு. அதில் குறைந்தது நாற்பது சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். தள்ளுவண்டிக்காரரைக் கேட்டுக்கொண்டு எல்லை வகுக்கிறது ஒரு சட்டம். வாடகையும் வரியும் கட்டிக் கடை வைத்திருப்பவரிடம் எதுவும் கேட்காமல் வட்டம் போடுகிறது இன்னொன்று.

சரி, ஆகவே எதிர்த்துப் போராடலாமா? கூடாது என்பேன். காரணம் இருக்கிறது. 2019ல் நாடு முழுவதும் பள்ளிப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வில், 13 முதல் 15 வயதுக்குள் இருப்பவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை உபயோகிப்பதாகத் தெரியவந்தது. நூறு பேர் படிக்கும் வகுப்புகளில் எட்டொன்பது பேர். இந்தப் பிள்ளைகளுக்கு அது வானத்திலிருந்து விழவில்லை. எங்கோ ஒரு கல்லாவைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அதே பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். "பையன் அப்பாவுக்கு வாங்கிட்டுப் போறான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கொடுக்கிற பழக்கம் நம்மில் இருக்கிறது. அதை இன்றோடு விட வேண்டும். வாங்குகிறவர் பதினெட்டு வயது நிறைந்தவர் என்று காட்டும் பொறுப்பு விற்றவர் தலையில்தான். இதில் 200 ரூபாய் அபராதம் என்ற கணக்கும் தப்பு. 2015ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77வது பிரிவின்படி, சிறுவனுக்குப் புகையிலைப் பொருள் கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு சிகரெட்டில் நமக்குக் கிடைப்பது காசுக் கணக்கில். அதற்கு ஏழு வருஷமா?

குட்கா, பான் மசாலா விவகாரம் இதோடு கலந்துவிடுவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கும் நூறு கஜத்துக்கும் சம்பந்தமில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013 முதல் தமிழ்நாட்டில் அதற்கு எல்லா இடத்திலும் தடை. அந்தத் தடையாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் ரத்து செய்தது உண்மை. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் நிறுத்தி வைத்துவிட்டதும் உண்மை. முதல் பாதியை மட்டும் சொல்லிச் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கும் ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம். சீல் விழுவது நம் கடைக்கு.

கம்பெனிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடை முகப்பில் பளபளவென்று லைட் போர்டு வைத்துத் தருகிறார்கள். சிகரெட்டின் பெயரோ படமோ அதில் இருந்தால், 5வது பிரிவின்படி விளம்பரக் குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு வந்தால் கோர்ட்டுக்கு நடப்பவர் கடைக்காரர். போர்டு கொடுத்த விற்பனைப் பிரதிநிதி அன்றைக்கு வேறு லைனில் இருப்பார். நமக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு அவர்கள் நீட்டும் மனுவில் கையெழுத்துப் போடும் முன் இதை யோசித்துப் பாருங்கள். அவர்கள் வழக்கை அவர்கள் நடத்தட்டும்.

சட்டம் கடையை மூடச் சொல்லவில்லை, ஒரு சரக்கை எடுக்கச் சொல்கிறது. நமக்கு நஷ்டம் சிகரெட்டில் அல்ல, அதை வாங்க வருகிறவர் கூடவே குடிக்கும் டீயிலும் எடுத்துக்கொள்ளும் வாழைப்பழத்திலும்தான். பெட்டிக்கடைக்கு அது சிறிய நஷ்டமில்லை. ஆகவே அவகாசம் கேட்பதில் தவறில்லை. புதிதாகப் பள்ளி வந்தால், சுற்றியுள்ள கடைகளுக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து, இருக்கும் சரக்கை விற்று முடிக்க மூன்று மாதமாவது தர வேண்டும். ஒவ்வொரு நகராட்சியும் பேரூராட்சியும் தன் எல்லைக்குள் உள்ள பள்ளிகளைக் குறித்து, நூறு கஜக் கோட்டை வரைபடத்தில் போட்டு, அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். இன்றைக்கு அது ஒரு சர்வேயருக்கு அரைநாள் வேலை. வரைபடம் இருந்தால் நாமும் ஏமாற்ற முடியாது, சோதனைக்கு வருகிறவரும் ஏமாற்ற முடியாது.

ஏனென்றால் இன்று அளப்பது யார்? சோதனைக்கு வந்தவர் சாலையில் நின்று கண்ணால் பார்த்து "உள்ளேதான் வருது" என்கிறார். சப்-இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்குத்தான் கடையில் நுழைந்து சோதனையிட இந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது. வருகிறவர் யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மரியாதையாகக் கேட்கலாம். நூறு கஜக் குற்றத்துக்கு 24வது பிரிவு விதிப்பது 200 ரூபாய் வரை. சமாதானமாக முடித்துக்கொள்ளும் 28வது பிரிவிலும் அதே 200தான் உச்சவரம்பு. அதற்கு மேல் ஒருவர் கேட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் பைசா கொடுக்க வேண்டாம். கொடுத்துப் பழக்கியது நாமும்தான் என்பதை மறைத்துப் பேச நான் தயாரில்லை.

'கல்வி நிறுவனம்' எது என்பதற்கும் விதியில் விளக்கம் இருக்கிறது. உரிய அதிகாரியால் நிறுவப்பட்ட அல்லது அங்கீகரிக்கப்பட்ட பள்ளி, கல்லூரி, உயர்கல்வி நிலையங்கள் அதில் வரும். எதிர்வீட்டு மாடியில் மாலை நேரத்தில் டியூஷன் நடக்கிறது என்பதைக் காட்டி அபராதம் கேட்டால், அதன் அங்கீகாரம் எது என்று கேளுங்கள். அதேபோல் பள்ளிக்கும் ஒரு கடமை உண்டு. நூறு கஜத்துக்குள் விற்பனை தடை என்ற அறிவிப்புப் பலகையைப் பள்ளி வாசலில் வைக்க வேண்டும். எத்தனை பள்ளிகளில் இருக்கிறது? நம் கடைகளில் 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் 'பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது தண்டனைக்குரியது' என்ற பலகை எத்தனை கடையில் தொங்குகிறது என்று அவர்களும் திருப்பிக் கேட்பார்கள். ஆகவே நம் பலகையை முதலில் மாட்டிவிட்டுக் கேட்போம்.

இந்தக் கட்டுப்பாடு இனி இறுகுமே தவிரத் தளராது. கர்நாடகச் சட்டமன்றம் 2024ல் நிறைவேற்றிய திருத்தம், 2025ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அங்கே வயது வரம்பை 21 ஆக்கியிருக்கிறது. ஒற்றை சிகரெட்டாக விற்பதும் அங்கே தடை. இங்கே அது வரும்போது பேச வேண்டுமானால், அதற்குள் நம் கையில் கணக்கு இருக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை கடை கோட்டுக்குள் வருகிறது, அவற்றில் எத்தனை பள்ளிக்கு முந்தியவை, புகையிலையை எடுத்துவிட்டால் எத்தனை கடை தாங்கும் என்ற விவரம் எந்த அலுவலகத்திலும் இல்லை. நம்மிடமும் இல்லை.

உறுப்பினர்கள் தங்கள் கடை ஆரம்பித்த வருஷம், அருகிலுள்ள பள்ளி தொடங்கிய வருஷம், பள்ளிச் சுவரிலிருந்து நேர்கோட்டில் டேப் பிடித்து அளந்த தூரம், இதுவரை கட்டிய அபராதத்தின் ரசீது நகல் ஆகியவற்றை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். ரசீது இல்லாதவர்கள், இல்லை என்றே எழுதுங்கள்.