வாயில்லா ஜீவன் பேசுது, நமக்குத்தான் கேக்கல



அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்ப, தம்பி ஒருத்தன் காணொலி காட்டினான். ஒரு நாய் தரையில உள்ள பொத்தானை மிதிக்குது, "வெளியே"ன்னு குரல் வருது. "அங்கிள், ஒரு நாள் நாய் பூனையெல்லாம் நம்மகிட்ட பேசுமா?"ன்னு கேட்டான்.

அமெரிக்காவில் அலெக்ஸ்னு ஒரு சாம்பல் கிளி. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற விஞ்ஞானி 30 வருஷம் பழக்கினாங்க. நூறு சொல் தெரியும், நிறம் சொல்லும், எண்ணிக்கை சொல்லும். 2007-ல் செத்துப்போச்சு. அதுவும் நம்மள மாதிரி உக்காந்து கதை பேசல.

ஆனா பேசினாத்தான் புரியுமா? திருவாரூர்ல கன்றை இழந்த பசு ஒரு வார்த்தை பேசல. ஆராய்ச்சி மணியை அடிச்சது. மனுநீதிச் சோழன் எழுந்து வந்தார். பெரிய புராணத்திலேயே இருக்கு.

இங்க கிள்ளான்ல நம்ம ஆலய வாசல்ல என்ன நடக்குது? கண்ணு திறக்காத பூனைக்குட்டிங்களைப் பெட்டியில போட்டு வச்சிட்டுப் போயிடுறாங்க. கேட்டா "கோவில்ல சாப்பாடு கிடைக்கும், புண்ணியம்"னு பதில். தாய்ப்பால் குடிக்கிற குட்டிக்கு சாம்பார் சாதமா போடுறது? ராத்திரி முழுக்கக் கத்துது. காலையில பாதி உயிரோட இல்ல. அள்ளிப் புதைக்கிறது நாங்க.

பைரவருக்கு வடைமாலை சாத்துறோம். அவர் வாகனம் வாசலுக்கு வந்தா கல்லெடுக்கிறோம். இது என்ன பக்தி?

வளர்க்கிறவங்க தயவுசெய்து கருத்தடை செய்யுங்க. குட்டி போட்டா தாயோடவே வச்சு வளர்த்து, நல்ல வீடு பார்த்துக் கொடுங்க.

அதுங்க பேசக் கத்துக்க வேண்டாம். அந்தக் கத்தல்தான் ஆராய்ச்சி மணி. எழுந்து வர வேண்டியது நாமதான்.

சர்வம் சிவமயம்.