எலிக்காக வளர்க்கும் பூனையும் வயலோரப் பக்ஷிகளும்

குதிரிலும் களஞ்சியத்திலும் எலித் தொல்லைக்குப் பரிகாரமாகப் பூனை வளர்ப்பது நமது குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். வீட்டுக்குள் அதன் உபயோகத்தை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பூனையை இரவெல்லாம் வயற்காட்டில் திரிய விட்டால் அங்கும் எலி ஒழியுமென்று நம்புவது சரியன்றென்பது எனது அபிப்பிராயம்.

பூனை எளிதில் அகப்படும் சிறு பிராணிகளையே நாடும். வளர்ந்த பெருச்சாளியோடு பெரும்பாலும் மல்லுக்கு நிற்பதில்லை. நியூயார்க் நகரத்துக் கழிவுப்பொருட் கிடங்கொன்றில் எலிகளினிடையே திரிந்த பூனைகளை 79 நாட்கள் காமிராக்களால் கவனித்து, 2018-ம் வருஷத்தில் முடிவை வெளியிட்டனர். அத்தனை நாட்களிலும் பூனைகள் கொன்ற எலிகள் இரண்டே. மற்றவை பதுங்கிக் கொண்டனவேயன்றி ஒழியவில்லை.

வயலில் பூனைக்கு அகப்படுவன வேறு. தரையிலேயே முட்டையிடும் காடை, கவுதாரி, வானம்பாடி, ஆட்காட்டி ஆகியவற்றின் குஞ்சுகளும், ஓணான், அரணை, தவளை முதலியவைகளும் அதற்கு இரையாகின்றன. இவைகளோ புழு பூச்சிகளைத் தின்று, கூலியின்றி நமக்கு ஊழியஞ் செய்பவை. பாலும் சோறும் தின்ற பூனை வேட்டையாடாதென்பர் சிலர். பசி வேறு, வேட்டைக் குணம் வேறு. வயிறு நிறைந்த பூனையும் அசையும் குஞ்சைக் கண்டால் பாயத்தான் செய்யும்.

தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மாரியன் தீவில் சுண்டெலிகளை ஒழிக்க 1949-ல் 5 பூனைகளைக் கொண்டு விட்டார்கள். 1970-களின் நடுவில் அவற்றின் சந்ததி சுமார் 2,000 ஆகப் பெருகி, வருஷமொன்றுக்கு ஏறக்குறைய 4½ லக்ஷம் கடற்பக்ஷிகளைக் கொன்றதாகக் கணக்கிட்டனர். பெரும் பிரயாசையின் பேரில் 1991-ல் பூனைகள் ஒழிந்தன. சுண்டெலிகள் இன்னும் இருக்கின்றன! நமது கிராமம் தீவன்று. பூனையை அடக்க இங்கே நாயும் நரியும் உண்டு. ஆகையால் அத்தனை நாசம் இங்கு நேருமென்று நான் கூறவில்லை.

எனினும் வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் விட்டுவருவது மிகவும் தவறான காரியம். கொல்லாமல் விட்டோமென்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுகிறோம். அவற்றில் பல பட்டினியால் சாகின்றன. பிழைத்தவை பக்ஷிகளைக் கொன்று பிழைக்கின்றன. இதில் ஜீவகாருண்யம் எங்கே? கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பூனைக்குக் கருத்தடை செய்து கொள்ளலாம். அந்தி சாய்ந்ததும் அதைக் களஞ்சியத்தில் அடைத்துவிட்டால் அதன் வேலையும் அங்கேயே நடக்கும்.

வயல் எலிக்கு மூங்கிற் கிட்டி வைத்தல், வளை வெட்டிப் பிடித்தல், வரப்புகளைக் குறுக்கிப் புல்லின்றி வைத்தல் ஆகியவையே ஏற்றவை. கூகையை அபசகுனமென்று விரட்டாமல், அது இரவில் வந்தமர, குறுக்குச் சட்டம் அடித்த கழிகளை வயலில் ஆங்காங்கே நடவேண்டும். கதிரில் பால் பிடித்ததும் அவற்றைப் பிடுங்கிவிடுவது நல்லது. இல்லாவிடில் பகலில் தானியந் தின்னும் குருவிகள் அவற்றின்மேல் வந்து உட்காரும்.