புகைக்குழாயும் உப்புக்காற்றும்

தூத்துக்குடி மக்ரூனின் ருசியை ஊரே மெச்சுகிறது. முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் நிதானமாக வேகும் அந்த விறகு அடுப்பின் புகைக்குழாயை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்? கடற்காற்றின் உப்பு சாதாரணத் தகரத்தைச் சீக்கிரமே அரித்துவிடும். பொத்தலில் கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தரமான எவர்சில்வர் குழாய்க்குக் காசு பார்ப்பது அசட்டுச் சிக்கனம். குழாய் கூரைக்கு மேல் 3 அடியாவது எழும்ப வேண்டும். ஓலையோ மரச்சட்டமோ அதை ஒட்டியிருக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் குழாய், மலிவாகவே கிடைத்தாலும், வேண்டாம். ஈரமான உடைமர விறகை எரித்தால் குழாய்க்குள் தார்போல் கரி படியும். ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். பேக்கரி முதலாளிகளே, ஐப்பசி மழைக்கு முன் ஆள் ஏற்றிக் குழாயைச் சுரண்டிவிடுங்கள்.